துவர்ப்பு

போன டிசம்பரில் எங்கள் ஒயின் கூட்டத்துக்குக் காலி பாட்டிலோடு போய் நின்றேன்.

கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அடிலெய்டில் ஏழெட்டுப் பேர். கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் உட்காருவோம். அந்த வருடம் குடித்ததில் எது மனதில் தங்கியதோ அதில் ஒரு பாட்டில் ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். லேபிள் தெரியாதபடி பழைய காலுறையை மாட்டி மேசையில் வைத்துவிடுவோம். எல்லோரும் குடித்து முடித்த பிறகு, கொண்டுவந்தவர் அது ஏன் பிடித்தது என்று சொல்வார். விலையை மட்டும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது. டிசம்பர் இங்கே நல்ல கோடை. சிவப்பு ஒயினைக்கூடக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் எடுப்போம்.

நான் தர்மபுரிக்காரன். எங்கள் ஊரில் டாஸ்மாக் கடைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் ஒயின்ஷாப். பிராந்தி, ரம், பீர் எல்லாம் போகும். ஒயின் கேட்டு வருகிறவனைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். "அவன் ஒயின்ஷாப்புக்குப் போறவன்" என்று ஒரு சொல் விழுந்தால் பெண் கிடைக்காது. இந்தக் கூட்டத்தைப் பற்றி முதல்முறை போனில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"குடிக்கிறியாடா?"

"குடிக்கலைம்மா. ருசி பார்க்கறோம்."

"உங்க மாமனும் அப்படித்தான் ஆரம்பிச்சான்."

மாமா நாற்பத்தொன்றில் போய்ச் சேர்ந்தார். பதிலுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

இந்தக் கூட்டத்துக்குள் நான் நுழைந்தது பல்லால். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் வேலிக்கு மேலாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது என் முன்பற்களைக் கவனித்துவிட்டார். "சின்ன வயதில் கிணற்றுத் தண்ணீர் குடித்தாயா?" என்றார். தர்மபுரிப் பாறைக்குள் இருக்கும் ஃபுளோரைடு எங்கள் தலைமுறைக்குப் போட்ட முத்திரை அது: பழுப்புக் கோடு, சுண்ணாம்புப் புள்ளி. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. எங்கள் கிணறுகளுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்தது. எனக்கு அதற்குள் பல்லும் முளைத்து, நாடும் மாறியிருந்தது. மனிதர் விடவில்லை. அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும், ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு ருசியா என்று துருவித் துருவிக் கேட்டார். நான் சொல்லிக்கொண்டே போனேன். "உனக்கு நாக்கு இருக்கிறது, சனிக்கிழமை வா" என்றார்.

நாக்கு என்னுடையதல்ல, அப்பாவுடையது. அவர் பஸ் கண்டக்டர். அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி என்று வண்டி நின்ற இடமெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தவர். வாயில் வைத்து ஒரு நிமிடம் அடக்கி, அப்புறம்தான் விழுங்குவார். உப்புத் தண்ணி, சப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்று ஊரார் மூன்றாகப் பிரித்ததை அவர் முப்பதாகப் பிரிப்பார். "இது ஏரிக்குக் கீழ இருக்கற கிணறு, பாசி வாசம் வருது பாரு" என்பார். வீட்டில் யாரும் அதை ஒரு திறமையாக மதித்ததில்லை. தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீருக்குக் குற்றம் சொல்கிறவர் என்றுதான் பெயர்.

ஒயின் பேச்சில் முதல் இரண்டு வருடம் நான் ஊமை. பிளாக்பெர்ரி, பிளம், செடார் கட்டை என்று அடுக்குவார்கள். பிளாக்பெர்ரியை நான் பார்த்ததே இங்கே வந்து, சூப்பர் மார்க்கெட்டில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள். பார்க்காத பழத்தின் வாசனை எப்படி மூக்குக்குத் தெரியும்? தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். காப்பாற்றியவர் எங்கள் கூட்டத்து யாழ்ப்பாணத்து அண்ணை. ஒரு வருடம் அவர் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் கொண்டுவந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் பழையது, பச்சை மஞ்சளாய்த் தெளிந்த வெள்ளை ஒயின். முகர்ந்தேன். என்னை அறியாமல் தமிழில் வாய் விட்டேன்: "கிருஷ்ணாயில்!"

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "ஓம் தம்பி, மண்ணெண்ணெய்! அதுக்காகத்தான் கொண்டு வந்தனான்."

அது உண்மையான வாசனை. திராட்சைத் தோலில் இருக்கும் கரோட்டின் வகைப் பொருள்கள் சிதைந்து, பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் கிடந்து உண்டாவது. வெயில் நன்றாகப் பட்ட காயில் கூடுதலாக வரும். முதிர்ந்த ரீஸ்லிங்கின் அடையாளமே அதுதான் என்று இங்கே கண்ணை மூடி ரசிக்கிறார்கள். எனக்கு அது ரேஷன் கடை வரிசை, கையில் தகர டின், முன்னால் நிற்பவரின் முதுகு. அண்ணைக்குத் தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம்: பொருளாதாரத் தடை, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் படிப்பு, துளிப் பெட்ரோல் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள். இதை அவர் சொல்லி முடித்தபோது மேசையில் யாரும் பேசவில்லை. அதற்கு அப்புறம் எனக்குக் கூச்சம் போய்விட்டது. நாவற்பழம், கொடுக்காப்புளி, புதுப் புளியின் நார், முதல் மழை விழுந்த செம்மண் என்று என் சரக்கை நான் இறக்கினேன். அந்தக் கடைசி வாசனைக்கு ஆங்கிலத்தில் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தவர்களே இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், 1964-இல், என்று பல் மருத்துவர் சொன்னார். வட இந்தியாவில் கன்னோசி என்ற ஊரில் அந்த வாசனையை அத்தராகவே வடித்து விற்கிறார்கள் என்று நான் சொன்னேன். அன்றைக்கு ஆட்டம் சமன்.

அடிலெய்டிலிருந்து ஒரு மணி நேரம் காரோட்டினால் பரோசா பள்ளத்தாக்கு. 1842 முதல் சைலீசியாவிலிருந்து வந்த லூத்தரன் குடும்பங்கள் குடியேறிய இடம், அவர்களும் புலம்பெயர்ந்தவர்கள்தான். 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் லாங்மைல் தோட்டத்தில் இன்றும் காய்க்கின்றன. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தின்று தீர்த்த ஃபிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவே இல்லை. நுழையவிடாமல் இப்போதும் காவல் காக்கிறார்கள். அந்தக் கிழட்டுக் கொடியை நேரில் பார்த்தால் கொடி என்றே சொல்லமாட்டீர்கள். முறுக்கிய அடிமரம், இடுப்பளவு உயரம். எங்கள் ஊர்ச் சாலைப் புளியமரத்தைக் குட்டையாக வெட்டி நட்டாற்போல இருக்கும்.

அதே பள்ளத்தாக்கில் செப்பெல்ட்ஸ்ஃபீல்டு என்றொரு பழைய ஒயின் ஆலை. 1878-இல் ஒரு பீப்பாய் இனிப்பு ஒயினை ஒதுக்கி, நூறு வருடம் தொடக்கூடாது என்று வைத்தார்கள். அன்றுமுதல் வருடம் தவறாமல் ஒரு பீப்பாய். காசு கட்டினால் நாம் பிறந்த வருடத்து ஒயினை நாக்கில் வைத்துப் பார்க்கலாம். நானும் கட்டினேன். கருப்பட்டிப் பாகைக் கொஞ்சம் அடிப்பிடிக்கவிட்டு இறக்கியதுபோல் இருந்தது. பீப்பாய்கள் வருட வரிசையில் நிற்கின்றன. முதல் பீப்பாயின் 1878-ஐப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ராஜாஜி. அதே வருடம் டிசம்பரில், ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். தர்மபுரி அப்போது சேலத்தோடு இருந்தது. தனி மாவட்டமானது 1965-இல். அதாவது, கள்ளு முட்டியைக் கவிழ்த்துவைத்த முதல் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. அந்த வருமான இழப்பை ஈடுகட்டத்தான் அவர் 1939-இல் விற்பனை வரி போட்டார். 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, திரும்ப வந்தது, மறுபடி போனது. பனங்கள்ளும் தென்னங்கள்ளும் 1987 முதல் தடையில் இருக்கின்றன. 2003 முதல் சில்லறை வியாபாரமும் அரசாங்கத்தின் கையில். எல்லாம் கூட்டிக் கழித்தபின் மிஞ்சியது கம்பிவலைக்குப் பின்னால் நீளும் ஒரு கை, ஒரு குவாட்டர், நின்றபடியே ஒரே மூச்சு. ருசி பார்க்க நேரமும் இல்லை, பார்க்கும்படியான சரக்கும் இல்லை.

இத்தனைக்கும் எங்கள் தர்மபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதியமான்கோட்டையைத் தாண்டும்போதெல்லாம் அப்பா பஸ்ஸில் சொல்லுவார். அவன் கள் கொடுத்த கதையை ஒருவரும் சொல்லவில்லை. புறநானூற்றின் 235-ஆவது பாட்டு, அவன் இறந்தபின் ஔவை பாடியது. எழவு வீட்டில் நின்றுகொண்டு அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது கள்தான்: கொஞ்சமாகக் கிடைத்த நாளில் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான், தாராளமாகக் கிடைத்த நாளில் எங்களைப் பாடச் சொல்லிவிட்டுத் தானும் சேர்ந்து குடிப்பான். எங்கள் கொல்லை மேசையின் சட்டமும் ஏறக்குறைய அதுதான். அந்தக் காலத் தமிழில் கள், நறவு, தேறல், மட்டு, அரியல், தோப்பி என்று இத்தனை சொற்கள். யவனர் கலத்தில் கொண்டுவந்த ஒயினைப் பாண்டியன் குடித்ததை நக்கீரர் பாடியிருக்கிறார். அந்த மத்தியதரைக் கடல் ஜாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. இன்றைக்கு நம்மிடம் இருப்பது சரக்கு, கட்டிங், ஆஃப். ஒரு மொழியில் ஒரு பொருளுக்கு இருந்த நல்ல பெயர்களெல்லாம் போய்விட்டால் அந்தப் பொருளும் கெட்டுப்போகும் என்று எனக்கு ஒரு எண்ணம். நிரூபிக்கச் சொன்னால் முடியாது. இங்கேயும் நாலு லிட்டர் அட்டைப்பெட்டி ஒயினில் மூழ்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் பை வைத்து ஒயின் விற்பதே 1965-இல் இந்த மாநிலத்து ரென்மார்க்கில் பிறந்த யோசனைதான். ஊரை மட்டம் தட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். சுங்கத்தில் இரண்டு லிட்டர் வரை விடுவார்கள். ஒரே ஒரு பாட்டில், பரோசாவின் கிழட்டுக் கொடி ஷிராஸ், வேட்டிக்குள் சுருட்டி எடுத்துப்போனேன். நாலு நாள் அது பீரோவில் அம்மாவின் புடவைகளுக்குப் பின்னால் கிடந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி மொட்டைமாடியில் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். கீழே இறங்கிப் போய் எடுத்து வந்தேன். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, வாழ்நாளில் தொட்டதில்லை. மாமாவைத் தோளில் தூக்கி வந்து வீட்டில் போட்டவர் அவர்தான்.

"எதுக்குடா இதெல்லாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, ஒரு முழுங்கு ஊத்து" என்றார்.

வீட்டில் கண்ணாடி டம்ளர் இல்லை. எவர்சில்வரில் ஊற்றினேன். அண்ணாந்து குடிக்கிற ஆள், உதட்டில் வைத்தே உறிஞ்சினார். விழுங்கவில்லை. கன்னத்தை உப்பவைத்து, கண்ணை எங்கோ வைத்து, அரூர் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் குடித்தபோது எப்படி அடக்குவாரோ அப்படி அடக்கினார். விழுங்கியதும் நாக்கை மேலண்ணத்தில் தட்டினார்.

"தொவர்க்குதுடா. ஆவாரம்பட்டையை மென்ன மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயதில் கரட்டில் ஆவாரஞ்செடியை வெட்டிப் பட்டை உரித்து, காயவைத்துக் கட்டுக் கட்டாக வியாபாரியிடம் போட்டிருக்கிறார். வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்குப் போகும். பட்டை சுமந்த பையன் பொழுது போகாமல் அதைக் கடித்தும் பார்த்திருக்கிறான். சிவப்பு ஒயினில் நாக்கை உலர்த்திப் பிடிக்கும் பொருளுக்கு டானின் என்று பெயர். அந்தப் பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. பதினைந்து வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் டானின், டானின் என்று நான் பேசியிருக்கிறேன். அதன் முகவரியை முதல் மடக்கில் சொன்னவர் அப்பா. பிற்பாடு ஆவாரம்பட்டைக்குப் போட்டியாக வந்தது வாட்டில் பட்டை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை மரம் என்கிறார்களே, அது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. இதைச் சொன்னதும் "ஓஹோ, எங்க பொழப்பக் கெடுத்தது உங்க ஊர்க்காரன்தானா?" என்றார். உங்க ஊர்.

இரண்டாவது முழுங்கு கேட்டார். மூன்றாவது கேட்கவில்லை. மீதியை நான் குடித்தேன். அம்மா குடிக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. குழம்பில் எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் காலி பாட்டில் ஒரு பிரச்சினையாயிற்று. குப்பை வண்டியில் போட்டால் தெருவே பார்க்கும். எண்ணெய் ஊற்றிவைக்கலாம் என்றால், வந்து போகிறவர்கள் கேட்பார்கள். "நீயே எடுத்துட்டுப் போயிடு" என்றாள் அம்மா. புளியைப் போட்டுக் குலுக்கி அலசி, திருகுமூடியை இறுக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். கூடவே ஒரு துண்டு ஆவாரம்பட்டை கொண்டுவர ஆசைதான். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் பட்டை, விதை என்றால் லேசில் உள்ளே விடமாட்டார்கள். கழுவிய பாட்டிலுக்குத் தடையில்லை.

ஆகவே டிசம்பர் சனிக்கிழமையில், காலுறை மாட்டிய ஏழு பாட்டில்களுக்கு நடுவில் எட்டாவதாக அதை வைத்தேன். என் முறை வந்ததும் கவிழ்த்துக் காட்டினேன். சிரித்தார்கள். மொட்டைமாடி, எவர்சில்வர் டம்ளர், ஆவாரம்பட்டை எல்லாவற்றையும் சொன்னேன். பல் மருத்துவர் 'ஆவாரம்' என்ற சொல்லை இரண்டு தடவை சொல்லவைத்து நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, மூக்கை வைத்து நிதானமாக முகர்ந்தார்.

"இன்னும் இருக்கிறது," என்றார். "புளிப்பு, உலர்ந்த பழம், கொஞ்சம் மண். அருமையான ஒயினாக இருந்திருக்க வேண்டும்."

பாட்டில் கை மாறி யாழ்ப்பாணத்து அண்ணையிடம் போனது. ஒரு தரம் முகர்ந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த நாரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, ஆர் கழுவினது?" என்றார் மெல்ல.

"அம்மா."

"நல்ல பழம்புளி" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை அடுத்தவரிடம் கொடுத்தார்.