செஞ்சிக் கோட்டையில் ஒரு தர்மக் கணக்கு

திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை சாலையில் சுமார் 28 கிலோமீட்டர் வந்தால், பாறைகளை அள்ளிக் கொட்டியது போன்ற குன்றுகள் எதிரே எழுகின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்றையும் வளைத்து ஓடுகிறது செஞ்சிக் கோட்டையின் மதில். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் 2025-ல் இடம்பிடித்த கோட்டை இது.

ராஜகிரி உச்சிக்கு ஏறும் அவசரத்தில் பலரும் அடிவாரத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. தடித்த சுவரும் வளைந்த கூரையுமாக நெற்களஞ்சியம் நிற்பது அங்கேதான். 1690-ல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை நீடித்தது. அப்படிப்பட்ட காலத்தில், உள்ளே வந்த நெல்லுக்கும் வெளியே போன நெல்லுக்கும் கணக்கு இல்லையென்றால் மதில் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை.

கோட்டைக்குள் இன்னொரு கட்டடம் சாதத்துல்லா கான் பள்ளிவாசல். ஆற்காடு நவாபான அவருடைய படையை எதிர்த்துப் போரிட்டு தேசிங்கு ராஜா இறந்தது 1714-ல். பள்ளிவாசல் எழுந்தது 1717-18-ல். இளைய ராஜாவுக்காகக் கல்யாணப் பந்தலை விட்டு ஓடிவந்து உயிர்கொடுத்த முஸ்லிம் நண்பனின் கதையை இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

பள்ளிவாசல் கட்டுவது ஒருமுறைச் செலவு. விளக்குக்கு எண்ணெய், இமாமுக்குச் சம்பளம், ஏழைக்குச் சோறு எல்லாம் அன்றாடச் செலவு. அதற்காக நிலத்தையும் கிராம வருமானத்தையும் எழுதிவைப்பது அந்தக் கால வழக்கம். இறைவன் பெயரில் எழுதிவைத்த சொத்துதான் வக்ஃபு. அதில் வாரிசு பங்கு கேட்க முடியாது. வருமானத்தை மட்டும், எழுதிவைத்தவர் சொன்ன காரியத்துக்குச் செலவிடலாம். நிர்வகிக்கும் முத்தவல்லி அதற்குக் காவலர், சொந்தக்காரர் அல்ல.

காவலரைக் கண்காணிப்பது யார்? 1801-ல் ஆற்காட்டுச் சீமை கம்பெனி கைக்குப் போனது. 1858-ல் அமைந்த இனாம் கமிஷன், மானிய நிலங்களின் ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்தது. கோயில் நிலமானாலும் பள்ளிவாசல் நிலமானாலும், வழக்கு என்று வந்தால் இன்றும் நீதிமன்றத்தில் அந்தப் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். தாளில் ஏறாத தர்மத்துக்கு சாட்சி இல்லை.

முத்தவல்லிகள் நீதிமன்றத்தில் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்றது 1923-ம் ஆண்டுச் சட்டம். 1995-ம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுதோறும் வக்ஃபு வாரியத்துக்குக் கணக்கு போக வேண்டும். தவறுபவரைப் பதவியில் இருந்து நீக்கலாம். வாரியத்துக்குச் செலுத்தும் பங்கு நிகர வருமானத்தில் 7 சதவிகிதம் வரை இருந்தது. 2025-ம் ஆண்டுத் திருத்தம் அதை 5 ஆகக் குறைத்தது.

ஜகாத் கணக்கு வேறு. கையில் ஓராண்டு தங்கிய பணம், நகை போன்றவற்றில் இரண்டரை சதவிகிதம். வழக்கில் சுமார் 11 பவுன் மதிப்புக்கு மேல் இருந்தால் கடமை என்பார்கள். விளைச்சலுக்கும் உண்டு. மழையில் விளைந்தால் பத்தில் ஒரு பங்கு, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. கிணற்றுக்கும் மாட்டுக்கும் ஆன செலவை மார்க்கமே கழித்துக்கொடுக்கிறது! நெல் மூட்டைகள் குவியும் செஞ்சி விற்பனைக்கூடத்தில் நிற்கும் விவசாயிக்கு இந்த நியாயம் சட்டென்று விளங்கும்.

ஜகாத்தைப் பெறத் தகுதியுள்ளவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆன் வரையறுக்கிறது. ஏழை, கடனாளி, வழிப்போக்கர் ஆகியோருடன், அதை வசூலித்து நிர்வகிக்கும் பணியாளரும் அதில் உண்டு. எனவே அவருடைய கூலி ஒளிவுமறைவில்லாத செலவுக் கணக்கு. பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கவோ மின்கட்டணம் கட்டவோ ஜகாத் பணத்தைத் தொடக்கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் தீர்ப்பு. அதனால்தான் பல ஜமாஅத்துகளில் ஜகாத்துக்குத் தனி நோட்டு, பொது நன்கொடைக்குத் தனி நோட்டு. வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், ஜும்ஆ தொழுகைக்குப் பின் வாசித்துக் காட்டுவதும் உண்டு.

அப்படி வாசிக்கும்போது எழுந்து கேள்வி கேட்க, பத்து ரூபாய் போட்டவருக்கும் உரிமை இருக்கிறது. ஒரு விதவையின் மாதச் செலவு அந்தக் கேள்வியை நம்பித்தான் இருக்கிறது.

செஞ்சிக்குப் போனால் உச்சிக்கு ஏறுங்கள். இறங்கும்போது களஞ்சியத்திலும் பள்ளிவாசலிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.