தோற்ற அணியின் இரசிகர்கள்

வென்ற அணியைப் பற்றிப் பேச ஊரே கூடும். தோற்ற அணியைப் பற்றிப் பேச ஒரு சிலரே எஞ்சுவர். அந்தச் சிலருள் ஒருவனாகும் பேறு எனக்கு ஐம்பது வயதிற்குப் பின்னரே வாய்த்தது. அது வாய்த்த கதையை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். என் தவறு ஒன்றும் அதில் அடங்கியிருப்பதால் எழுதத் தயங்கி வந்தேன்.

நம் கல்லூரித் திடலின் மேற்கோரத்தில், வேப்பமரத்தடியில் ஒரு கல்மேடை உண்டு. அஸர் தொழுகை முடிந்ததும் அங்கே நால்வர் கூடுவது வழக்கம். ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர் ஐயா, இயற்பியல் பேராசிரியர், விடுதிச் சமையற்கூடத்தில் முப்பதாண்டுகளாகப் பணிபுரியும் மலப்புறத்துக் காக்கா, இவர்களோடு நான். மூவருக்கும் கால்பந்து உயிர். எனக்கோ அவர்கள் பேசும் பேச்சு பிடிக்கும், அவ்வளவே.

2023 நவம்பர்த் தொடக்கத்தில் ஒரு மாலை. பாரீஸ் ஒலிம்பிக்கிற்கான ஆசியத் தகுதிச் சுற்றில், உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் நகரில், நம் நாட்டுப் பெண்கள் அணி ஆடி முடித்திருந்தது. ஜப்பானிடம் 7–0, வியட்நாமிடம் 3–1, உஸ்பெகிஸ்தானிடம் 3–0. மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. இயற்பியலார் கணக்கிட்டுச் சொன்னார்: “வாங்கியது 13, போட்டது ஒன்று.” அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் சீனத் தைபேயிடமும் தாய்லாந்திடமும் தோற்றுத் திரும்பியிருந்தனர்.

அப்போது நான் சொன்னேன்: “நமக்கு வராத ஒன்றை ஏன் கட்டி அழ வேண்டும்? அந்தப் பெண்கள் வீட்டிலிருந்து படித்தாலாவது பயன் உண்டு.”

சொல்லி நகைக்கவும் செய்தேன். அந்த நகைப்புக்கு வேறொரு பின்னணியும் இருந்தது. முந்தைய ஆண்டில் நம் கல்லூரியிலும் பெண்கள் கால்பந்து அணி ஒன்று தொடங்கப்பெற்றிருந்தது. அவ்வணி கல்லூரிகளுக்கிடையிலான முதல் ஆட்டத்திலேயே 8–0 என்று தோற்றது. அணியைத் தொடர்வதா, கலைப்பதா என்று முடிவு செய்ய மறுநாள் விளையாட்டுக் குழு கூடவிருந்தது. அக்குழுவில் நானும் ஓர் உறுப்பினன். என் கருத்து இன்னதென்று நான் முன்னரே முடிவு செய்திருந்தேன்.

என் பின்னால் ஏதோ ஓசை கேட்டுத் திரும்பினேன். பந்துகள் நிறைந்த வலைப்பையைத் தோளில் சுமந்தபடி ஒரு மாணவி நின்றிருந்தாள். எங்கள் துறையின் இரண்டாமாண்டு மாணவி, அவ்வணியின் கோல்கீப்பர். இயக்குநர் ஐயாவிடம் பையை ஒப்படைக்க வந்திருந்தாள். நான் சொன்னது முழுவதும் அவள் செவியில் விழுந்திருக்கிறது. பையை மேடையின் மீது வைத்துவிட்டு, “அஸ்ஸலாமு அலைக்கும் ஐயா” என்று மட்டும் சொல்லிச் சென்றாள். பதில் ஸலாம் என் வாயிலிருந்து தெளிவாக எழவில்லை.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு காக்கா தொடங்கினார்.

“மாஷே, 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. உப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். நம் பெண்கள் இறுதியாட்டம் வரை வந்தார்கள். சீனத் தைபேயிடம் தோற்று இரண்டாமிடம். ஆசியாவில் இரண்டாமிடம், மாஷே!”

நான் வியந்து இயக்குநரை நோக்கினேன். அவர் எஞ்சிய கதையைச் சொன்னார். 1981இல் ஹாங்காங்கில் நம் அணி மூன்றாமிடம். 1983இல் தாய்லாந்தில் மீண்டும் இறுதியாட்டம். ஆட்டத்தை நடத்திய தாய்லாந்திடம் தோற்று மீண்டும் இரண்டாமிடம். அவ்வாண்டு சாந்தி மல்லிக் என்ற வங்கத்து வீராங்கனைக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. பெண் கால்பந்து வீரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

“ஜப்பான் அப்போது எங்கே இருந்தது தெரியுமா?” என்று கேட்டார் அவர். “அதே 1981 ஹாங்காங் போட்டிதான் ஜப்பான் பெண்களுக்கு முதல் பன்னாட்டுப் போட்டி. முதற்கட்டத்தோடு வெளியேறினார்கள். அதே ஆண்டில் இத்தாலியிடம் 9–0 என்று தோற்றார்கள். அன்று அவர்கள் நாட்டில் உங்களைப் போல் ஒரு பேராசிரியர் ‘நமக்கு வராது’ என்று சொல்லியிருப்பார். ஆனால் அவர்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. முப்பதாண்டு கழித்து, 2011இல், உலகக் கோப்பையை வென்றார்கள்.”

“நாம்?” என்றேன்.

“நாம் ஆடுவதைக் குறைத்தோம். தொடக்கத்தில் பெண்கள் கால்பந்துக்கெனத் தனிக் கூட்டமைப்பு இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது அகில இந்தியக் கூட்டமைப்போடு இணைந்தது. இணைந்த பின் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டங்களோ அருகிப் போயின. 2009இல் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே நம் அணியின் பெயரை நீக்கிவிட்டார்கள். ஏன் நீக்கினார்கள்? தோற்றதற்காக அல்ல. பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஓர் ஆட்டமும் ஆடாததற்காக. நூறு முறை தோற்றவனுக்கும் பட்டியலில் கடைசியில் ஓரிடம் உண்டு. ஆடாதவனுக்குத்தான் இடமில்லை.”

அச்சொல் எனக்கெனவே சொல்லப்பட்டது போலிருந்தது. நாளும் வகுப்பில் ஆள்வினையுடைமையும் இடுக்கணழியாமையும் நடத்துபவன் நான். அவ்வதிகாரங்களின் பொருளை ஓர் உடற்கல்வி ஆசிரியர் திடலோரத்தில் எனக்கு உணர்த்த வேண்டியதாயிற்று.

இயற்பியலார் வேறொரு ஆட்டத்தை நினைவூட்டினார். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. நவி மும்பையில் இந்தியாவும் ஈரானும் மோதின. கோல் எதுவுமின்றி ஆட்டம் சமனாயிற்று. அடுத்த ஆட்டம் சீனத் தைபேயோடு. ஆனால் நம் அணியில் கொரோனா பரவிவிட்டது. களமிறக்கக் குறைந்தது பதின்மூவர் வேண்டும். அந்த எண்ணிக்கையும் தேறவில்லை. சொந்த மண்ணில் நடந்த போட்டியிலிருந்து ஆடாமலே விலக நேர்ந்தது. உலகக் கோப்பைக்குச் செல்லும் வழியும் அதனோடு அடைபட்டது.

“ஆனால் நான் சொல்ல வந்தது ஈரானைப் பற்றி,” என்றார் அவர். “2011இல் ஜோர்டானின் அம்மான் நகரில் ஒலிம்பிக் தகுதியாட்டம். ஈரானியப் பெண்கள் தலைத்துணியோடு வந்தார்கள் என்பதால் ஆடவே விடவில்லை. ஆடாமலே தோல்வி எழுதப்பட்டது. அதன்பின் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. 2012இல் சோதனை முறையிலும், 2014இல் முறைப்படியும் தலைத்துணியோடு ஆட அனுமதி வந்தது. அதே ஈரான் 2021இல் ஜோர்டானையே தகுதிச் சுற்றில் வென்று முதன்முறையாக ஆசியக் கோப்பைக்கு வந்தது. தலைமூடிய அந்தப் பெண்களைத்தான் நவி மும்பையில் நம் பெண்களால் வெல்ல முடியவில்லை.”

மஃரிப் பாங்கொலி எழுந்தது. நாங்கள் கலைந்தோம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் குழுக் கூட்டத்தில் நான் அணி தொடர வேண்டும் என்றேன். சமுதாயப் பெரியவர் ஒருவர், மதிப்பிற்குரியவர், அமைதியாகக் கேட்டார்: “வெற்றி தோல்வி இருக்கட்டும். நம் பெண்களின் கண்ணியம் காக்கப்படுமா?” நியாயமான கேள்வி, அதை எள்ளி நகையாடுவது முறையன்று. இயக்குநர் ஐயா முந்தைய இரவே எனக்குச் சொல்லியனுப்பிய செய்தியை விடையாக வைத்தேன். அவ்வாண்டு ஜூலையில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் மொராக்கோ நாட்டின் நுஹைலா பென்ஸினா தலைத்துணியோடு உலகக் கோப்பை ஆட்டத்தில் களமிறங்கினார். பெண்கள் உலகக் கோப்பையில் அவ்வாறு ஆடிய முதல் வீராங்கனை அவரே. அவருடைய அணி முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 6–0 என்று தோற்றிருந்தது. அடுத்து தென்கொரியாவையும் கொலம்பியாவையும் வென்று அடுத்த சுற்றுக்கு முன்னேறியது. ஆறு கோல் போட்ட ஜெர்மனியோ முதற்கட்டத்தோடு ஊர் திரும்பியது.

பெரியவர் புன்னகைத்தார். பிறகு அவரே, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை எடுத்துச் சொன்னார். முதல்முறை அன்னையார் வென்றார்கள். பின்னொருமுறை அண்ணலார் முந்தினார்கள். அது இதற்கு ஈடாயிற்று என்றார்கள். “தோற்றவர் மீண்டும் ஓட இடம் இருந்ததை அதில் கவனித்தீர்களா?” என்று கேட்டார். அணி தொடர்ந்தது. உடைக்கும் பயிற்சி நேரத்திற்கும் சில நெறிகள் வகுக்கப்பட்டன. பெற்றோரின் இசைவும் கேட்டுப் பெறப்பட்டது.

அம்மாணவியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. வகுப்பு முடிந்து வெளியேறியவளை நிறுத்தி, “அன்று நான் சொன்னது தவறம்மா” என்றேன்.

அவள் சிறிது தயங்கினாள். “ஐயா, எட்டுக் கோல் வாங்கினேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தடுத்தவை பதினொன்று. என் தங்கை ஒருத்திதான் அதை எண்ணினாள்” என்றாள்.

இலக்கியத் திறனாய்வு கற்பிக்கும் எனக்கு, எண்ணிக்கையின் இன்னொரு பக்கத்தை அவள் கற்பித்தாள்.

அதன்பின் நானும் இரசிகனானேன். நம் கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன், காவல்துறைப் பணியும் ஏற்று நாட்டு அணிக்கும் ஆடியவர் என்பதை அறிந்தேன். தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் மணிப்பூரையும் 2023இல் ஹரியானாவையும் இறுதியாட்டத்தில் வென்று வாகை சூடியதை அறிந்தேன். இவையெல்லாம் நடந்தபோது நான் செய்தித்தாளின் அப்பக்கத்தைப் புரட்டித் தள்ளியவன். வெற்றியைக் காணாமல் தோல்வியைக் கண்டு மட்டும் நகைத்தவன்.

2024 அக்டோபரில் தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில் நேபாளத்திடம் பெனால்டியில் தோற்றபோது, மேடையில் வருந்திய நால்வருள் நானும் இருந்தேன். முன்பு ஐந்து முறை தொடர்ந்து வென்ற கோப்பை அது. தோல்வியில் வருந்துவதும் ஓர் உரிமை. அதை வருந்திப் பெற வேண்டும் என்பது எனக்கு அன்று புரிந்தது.

பிறகு 2025 ஜூன் வந்தது. 2026 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று, தாய்லாந்தின் சியாங் மாய் நகரில். முதல் ஆட்டத்தில் நம் அணி மங்கோலியாவை 13–0 என்று வென்றது. நான் மகிழ்ச்சியில் திளைத்தேன். அம்மாணவி அப்போது முதுகலை சேர்ந்திருந்தாள். தன் இளையோருக்குப் பயிற்சியளிக்கத் திடலுக்கு வருவாள். அவளிடம் சொன்னேன். அவளும் மகிழ்ந்தாள். சிறிது கழித்துக் கேட்டாள்: “மங்கோலியாவில் இன்று மாலை யார் ஐயா பேசிக்கொண்டிருப்பார்கள்?”

என் நெஞ்சில் அக்கேள்வி தைத்தது. தாஷ்கண்டில் மூன்று ஆட்டங்களில் நாம் வாங்கியதும் 13 அல்லவா? அதைக் கண்டு நகைத்த என்னைப் போன்ற ஒருவர் அந்நாட்டிலும் இருப்பார். பின்னால் ஒரு பெண் பந்துப்பையோடு நின்றுவிடக் கூடாதே என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்து திமோர் லெஸ்தேயை 4–0, ஈராக்கை 5–0 என்று வென்றோம். ஜூலை 5ஆம் நாள் கடைசி ஆட்டம், தாய்லாந்துடன், அவர்கள் மண்ணில். இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி அது. அவர்களும் 2019 உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் 13–0 என்று தோற்றவர்களே. அத்தோல்வியோடு அவர்கள் முடிந்துபோகவில்லை. வங்கத்துச் சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல்கள் போட, நாம் 2–1 என்று வென்றோம். தகுதிச் சுற்றில் ஆடி வென்று ஆசியக் கோப்பைக்கு நம் பெண்கள் இடம்பெற்றது அதுவே முதன்முறை.

காக்காவின் கைப்பேசியில்தான் முடிவைப் பார்த்தோம். 1983இல் இறுதியாட்டத்தில் நம்மை வென்ற அதே தாய்லாந்து. அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சமையற்கூடம் சென்று, சுலைமானி நான்கு குவளை கொண்டுவந்தார். ஐந்தாவது குவளை ஒன்றும் தட்டில் இருந்தது. திடலில் பயிற்சியளித்துக்கொண்டிருந்தவளுக்கு என்றார்.

மாணவச் செல்வங்களே! நம் கல்லூரியின் பெண்கள் அணி கடைசியாக ஆடிய போட்டியிலும் முதற்சுற்றைத் தாண்டவில்லை. 3–0 என்று தோற்றது. எட்டு மூன்றானது என்று இயற்பியலார் கணக்கிட்டார். தடுத்தவை எத்தனை என்று இம்முறை நானே எண்ணினேன், ஒன்பது. தேர்விலோ வாழ்விலோ நீங்கள் தோற்றுவிட்டு வரும் மாலையில், உங்களைக் கண்டு நகைக்க ஆள் இருக்கும். ஆயினும் நீங்கள் தடுத்தவற்றை எண்ணும் ஒருவரும் எங்கோ இருப்பார். பிறர் தோற்று வரும் மாலையில் அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

திடல் அங்கேயே இருக்கிறது. அடுத்த ஆட்டத்திற்கு, இன்ஷா அல்லாஹ், கல்மேடையில் நாங்கள் நால்வரும் இருப்போம்.