பெட்டியில் இருப்பதெல்லாம் சாமான் ஆகாது

நாமக்கல் பக்கத்தில் லாரித் தொழிலுக்கு வருகிறவன் முதலில் கிளீனராகத்தான் ஏறுவான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நானும் அப்படித்தான் ஏறினேன். டிரைவர் அண்ணன் பக்கத்து ஊர்க்காரர், பத்துச் சக்கர வண்டியில் பல வருஷம் பழகிய கை. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாசிக் வரை போவோம். திரும்பும்போது லாசல்காவ் சந்தையில் வெங்காயம் கிடைக்கும். கண்ணாடி துடைப்பது, டீ வாங்கி வருவது, வண்டி பின்னால் வரும்போது பாடியைத் தட்டி “வரட்டும், வரட்டும்” என்பது. கிளீனர் வேலை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அண்ணன் சொன்ன முதல் வேலை வேறு: “டிரிப்புக்கு வேண்டியதை எல்லாம் எடுத்து வைடா.”

எடுத்து வைத்தேன். ஜாக்கி, வீல் ஸ்பேனர், கிரீஸ் டப்பா, டெஸ்டர், ஃபியூஸ், ஸ்பேர் பல்பு, இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, டார்ச். எல்லாவற்றையும் டூல்ஸ் பெட்டியில் திணித்து மூடிவிட்டு, “ஆச்சுங்ணா” என்றேன். அவர் பெட்டியைத் திறந்தார். “கண்ணை மூடிக்க. டெஸ்டரை எடு பார்க்கலாம்.”

கை போன இடமெல்லாம் ஸ்பேனரும் கம்பியும்தான். கிரீஸ் டப்பாவின் மூடி கழன்று விரல் முழுக்க அப்பிக்கொண்டது. டெஸ்டர் கிடைக்கவே இல்லை. “ராத்திரி ரெண்டு மணிக்கு லைட்டு போச்சுன்னு வையி. டார்ச்சைத் தேடறதுக்கு டார்ச்சு எங்கிருந்து வரும்?” என்றார். எல்லாவற்றையும் கீழே கொட்டி மறுபடி அடுக்கச் சொன்னார். டார்ச், டெஸ்டர், ஃபியூஸ், டேப் நான்கும் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால். ஜாக்கியும் அதன் கைப்பிடியும் பெட்டியில் கதவோரம். கிரீஸும் ஆயிலும் தனி டப்பாவில், கந்தல் துணி சுற்றி. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒரு ஸ்பேனர் இடம் மாறினாலும் டீ குடிக்க விடமாட்டார்.

அடுக்கக் கற்றபிறகும் அறிவு வரவில்லை. பெட்டியின் அடியில் ஒரு கனத்த பலகைத் துண்டு கிடந்தது. விறகுக்குத்தான் ஆகும் என்று ஷெட்டிலேயே போட்டுவிட்டேன். சித்ரதுர்கா தாண்டி, மழை பெய்த இரவில், பின்சக்கரம் பஞ்சர். ரோட்டோர மண் ஊறிக் கிடந்தது. ஜாக்கியை வைத்து அடித்தேன். ஜாக்கி நிஜமாகவே பாரம் தாங்கும்போது கைப்பிடி ஒவ்வொரு அடிக்கும் கனத்துக்கொண்டே போகும், தோள்பட்டை அதை உணரும். எனக்கோ கை சுலபமாக இறங்கிக்கொண்டே இருந்தது. வண்டி தூக்கவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு கல்லைப் புரட்டி வந்து அடியில் வைத்தேன். பாரம் ஏறியதும் அது இரண்டாகப் பிளந்தது.

“பலகை எங்க?” என்று மட்டும் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. மூடிக்கிடந்த ஒரு டீக்கடையின் ஆளை எழுப்பி, காசு கொடுத்து, உடைந்த பெஞ்சின் பலகையை வாங்கி வந்தார். அது கிடைக்கும் வரை எதிரே வருகிற லாரிகளுக்கு டார்ச் காட்டிக்கொண்டு நனைந்து நின்றேன். அன்று மேலும் இரண்டு பாடம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கியபிறகு முயன்றால் சக்கரம் நட்டோடு சேர்ந்து சுற்றும். மாட்டும்போது பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிர் நட்டுக்குப் போகவேண்டும். அப்போதுதான் சக்கரம் கோணாமல் உட்காரும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, எல்லா நட்டையும் மறுபடி இறுக்கவைத்தார்.

என்னை அதிகம் படுத்தியது தார்ப்பாயும் கயிறும்தான். ஜவ்வரிசிக்கு ஈரம் ஆகாது. தண்ணீர் பட்டால் பசையாகிவிடும். லோடின் மேல் இரண்டு பாய் போர்த்துவோம். நான் முன்பாயை முதலில் விரித்து, பின்பாயின் விளிம்பை அதன் மேல் ஏற்றினேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. நிப்பாணி பக்கம் காற்றும் மழையும் சேர்ந்தபோது அந்த விளிம்புக்கு அடியில் காற்று புகுந்து, பாய் உப்பிப் படபடவென்று அடித்துக்கொண்டது. இறக்கும் இடத்தில் மேல்வரிசை மூட்டைகள் சில நனைந்திருந்தன. சேதத்துக்கு வாடகையில் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் திட்டவில்லை. “காத்து எந்தப் பக்கமிருந்து வருது? முன்னாலிருந்து. அப்ப முன்பாய்தான் மேல வரணும். வீட்டுக்கு ஓடு வேய்றப்ப கீழ் வரிசை மேல மேல் வரிசை ஏறுதில்ல, அது மாதிரி” என்றார்.

கயிற்றில் நான் போட்டதெல்லாம் முடிச்சின்மேல் முடிச்சு. நிறையப் போட்டால் பலம் என்று எண்ணம். இறக்கும்போது ஒன்றும் அவிழவில்லை, கத்தி போட்டு அறுக்க வேண்டியதாயிற்று. “அறுத்த கயிறு அடுத்த டிரிப்புக்கு நீளம் பத்தாது. அப்ப கயிறு கொண்டு வந்தும் கொண்டு வராத மாதிரிதான்” என்றார். லாரிக்கட்டு என்ன என்பதை அவர் கையைப் பார்த்துத்தான் பிடித்தேன். கயிற்றின் நடுவில் முறுக்கி ஒரு கண் விடவேண்டும். மிச்சக் கயிற்றைப் பாடியின் கொக்கியில் கொடுத்து மேலே கொண்டுவந்து, அந்தக் கண்ணில் நுழைத்து, உடம்பின் எடையோடு கீழே இழுக்கவேண்டும். கண் கப்பிபோல வேலை செய்வதால், இழுக்கிற பலத்தைவிடக் கூடுதலாகக் கயிறு இறுகும். அவிழ்க்க, நுனியை ஒரு சுண்டு சுண்டினால் போதும்.

சொல்ல எளிது. என் கண் பல நாள் நழுவியது, உள்ளங்கைத் தோல் உரிந்தது. எங்கே நிறுத்துவது என்பதும் பிடிபடவில்லை. ஒருநாள் இழுக்கையில் கயிறு நீள்வது நின்று, மூட்டைகள் ஒன்றோடொன்று நெருங்குவது கயிறு வழியாகவே கைக்குத் தெரிந்தது. அங்கே நிறுத்தினேன். வண்டி ஓட ஓட மூட்டை குலுங்கி அமரும், கயிறு தளரும். ஆகவே தருமபுரி தாண்டி நிறுத்தி மறுபடி இறுக்கினேன். அண்ணன் வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்தார். எப்போதும் ஒவ்வொரு கயிற்றையும் அவிழ்த்துக் கட்டுவார். அன்று ஒன்றைச் சுண்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஏறி ஸ்டியரிங் பிடித்தார். அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை.

வெங்காயத்துக்கு இந்தக் கட்டே ஆகாது. அதை மூடிக் கட்டினால் புழுங்கி அழுகிவிடும். மேலே மட்டும் பாய், பக்கவாட்டில் காற்றோட்டம். லோடு மாறினால் எடுத்துவைக்கும் சாமானும் மாறும் என்று அங்கேதான் புரிந்தது.

கடைசியாகக் கற்றது காகிதம். ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாம் ஒரே ரெக்சின் பையில், தேதி வாரியாக. 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது இப்போதைய கணக்கு. வழியில் வண்டி நின்றுவிட்டால், கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டித்துக்கொள்ளலாம். பையில் பில் இருக்கிறது என்பதோடு விடமாட்டார் அண்ணன். அதில் உள்ள வண்டி எண்ணும் முடிகிற தேதியும் என்ன என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்.

இப்போது நானே ஓட்டுகிறேன். பல வண்டிகளில் இன்று கிளீனர் கிடையாது. டிரைவர் ஒற்றை ஆளாகத்தான் போகிறார். புதிதாக வரும் தம்பிகளுக்கு என் அண்ணன் வழியில் ஒன்று சொல்வேன். பட்டியலைப் பார்த்து டிக் அடிக்காதீர்கள். கிளம்புமுன் ஷெட்டிலேயே ஜாக்கியைப் போட்டு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். டார்ச்சை எரித்துப் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று பிடித்துப் பாருங்கள். பலகையை மறக்காதீர்கள். ஷெட்டில் வேலை செய்யாதது ரோட்டிலும் செய்யாது.