கொடித்துவக்கிலிருந்து கணிப்பறை வரை

பீரங்கி என்ற சொல் தமிழில் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை ஆராய்வோர், அது ‘பிறங்கி’ என்று ஐரோப்பியரைக் குறித்த பெயரின் வழி வந்தது என்பர். பொருளைக் கொணர்ந்தவனின் பெயரே பொருளுக்கும் பெயராயிற்று. துப்பாக்கி, துவக்கு என்பனவோ துருக்கி மொழியின்பாற்பட்ட ஒரு சொல்லின் திரிபுகள். தமிழகத்தில் துப்பாக்கி நிலைத்தது. ஈழத்தில் துவக்கு நிலைத்தது. சிங்கள மொழியிலும் துவக்கு என்பதே வழக்கு. இரு மொழியினரும் ஒரே சொல்லால் வழங்கிய இக்கருவியின் வரலாற்றில், கருவியைக் காட்டிலும் அதன் பின்னால் நின்ற மனிதரை ஒழுங்குபடுத்திய முறையே சிந்தனைக்குரியது. இரும்பும் வெண்கலமும் எவருக்கும் கிடைக்கக்கூடியவை. அவற்றை யார் சுமப்பது, யார் நோக்குவது, யார் கணிப்பது, யார் கட்டளையிடுவது என்ற ஒழுங்கே ஒரு படையை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தியது.

இவ்வுண்மைக்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் கரையிலே, தும்பறைப் பகுதியில் அமைந்துள்ளது குண்டசாலை. இன்று விவசாயக் கல்லூரியாலும் விரைந்து பெருகும் குடியிருப்புக்களாலும் அறியப்படும் இவ்வூர், ஒரு காலத்தில் அரசிருக்கையாக விளங்கியது. 1707 முதல் 1739 வரை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கு மாளிகை அமைத்து வாழ்ந்தமையாற் குண்டசாலை மன்னன் என்றே மக்களால் அழைக்கப்பட்டான். அவனோடு கண்டியின் சிங்கள அரசமரபு முடிவுற்றது. மதுரையிலிருந்து வந்த அவனுடைய தேவியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயருடன் அரியணை ஏற, நாயக்கர் மரபு தொடங்கியது.

அக்காலக் கண்டியின் படையமைப்பில் கொடித்துவக்குக்காரர் என்றொரு பிரிவினர் இருந்தனர். கொடித்துவக்கு என்பது சிறு பீரங்கி. முன்புறத்தே இரு கால்களை ஊன்றி நிறுத்தப்படுவது. ஓரிருவர் தோளிற் சுமந்து மலைப்பாதையில் ஏறிச் செல்லக்கூடியது. அதன் தோற்றத்தைக் கண்ட ஆங்கிலேயர் அதனை வெட்டுக்கிளிப் பீரங்கி என்று அழைத்தனர். இப்பிரிவினருக்கெனத் தனியே ஒரு லேகம் அரண்மனையில் இருந்தது. லேகம் என்பது எழுத்தரையும் குறிக்கும், அவர் பொறுப்பிலுள்ள ஆட்பதிவையும் குறிக்கும். கொடித்துவக்குக்காரன் சம்பளம் பெற்ற வீரனல்லன். அவனுக்கு அரசன் நிலம் அளித்தான். நிலத்தை உழுது உண்டமைக்கு ஈடாக, முறை வந்தபோது கருவியைச் சுமப்பது அவன் கடமையாயிற்று. இதுவே இராசகாரியம். நிலமும் சேவையும் பிரிக்கமுடியாதவாறு பிணைந்திருந்தமையால், அப்படையின் பெயர்ப் பட்டியல் ஒருவகையில் வயல்களின் பட்டியலுமாகும். இன்றும் கொடித்துவக்கு என்ற பெயர் சிங்களக் குடும்பங்கள் சிலவற்றின் வழிப்பெயராக வழங்குகின்றது. ஆயுதம் மறைந்து பெயர் மட்டும் எஞ்சியிருப்பது வரலாற்றின் சிறு விந்தைகளுள் ஒன்று.

கண்டியிற் பெரிய பீரங்கி இல்லாமலில்லை. லெவ்கே திசாவை 1745–46 காலத்தில் அரசனுக்குப் பரிசாக அளித்த வெண்கலப் பீரங்கி பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதிக்கப்பெற்றது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது அதனைக் கவர்ந்து சென்றனர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நெதர்லாந்திலிருந்த அது 2023ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கையிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டது. அழகிற் சிறந்த அப்பீரங்கி அரசனின் பெருமையைக் காட்டியது. நாட்டைக் காத்ததோ அழகற்ற கொடித்துவக்கும், காடும், மழையும், காய்ச்சலுமே. 1803இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படை சில மாதங்களுக்குள் நோயால் நலிந்து மேஜர் டேவியின் தலைமையிற் சரணடைந்து, மகாவலிக் கரையில் வட்டப்புலுவையில் அழிந்தமை யாவரும் அறிந்ததே. சக்கரமேறிய பீரங்கி செல்வதற்கு வழியில்லாத நாட்டிலே, தோளேறிய பீரங்கியே வலிமையுடையதாயிற்று.

1815இல் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் இப்பாடத்தை மறக்கவில்லை. 1820களில் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி அமைத்தனர். படையும் பீரங்கியும் தடையின்றிச் செல்லவேண்டுமென்பதே அவ்வீதியின் முதல் நோக்கம். கோப்பியும் தேயிலையும் பின்னர் வந்தவை. 1832இல் இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது. வீதி வந்ததும் நிலச்சேவை ஒழிந்ததும் கொடித்துவக்குக்காரனின் உலகம் முடிவுற்றது.

ஒழுங்கே கருவியை வெல்கிறது என்னும் இக்கருத்தை இருபதாம் நூற்றாண்டில் மிகத் தெளிவாக நிறுவிய வரலாறு வேறொரு கண்டத்துக்குரியது. முதலாம் உலகப்போர் முடிவுற்றபோது ஐக்கிய அமெரிக்காவின் களப் பீரங்கிப்படை பெரும்பாலும் பிரான்சின் கருவிகளையே நம்பியிருந்தது. ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு பீரங்கிப் பிரிகேட் உண்டு. அதில் 75 மில்லிமீற்றர் பீரங்கிகளையுடைய இரு றெஜிமென்றுகளும், 155 மில்லிமீற்றர் ஹோவிற்சர்களையுடைய ஒரு றெஜிமென்றும் அடங்கின. றெஜிமென்றுக்கு 24 வீதம் மொத்தம் 72 பீரங்கிகள். போர் முடிந்ததும் பிரிகேடியர் ஜெனரல் வெஸ்டர்வெல்ற் தலைமையில் அமைந்த குழு, ஐரோப்பியக் களங்களின் அனுபவத்தை ஆராய்ந்து 1919 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. டிவிசனுக்கு 105 மில்லிமீற்றர் ஹோவிற்சர் வேண்டும், குதிரைக்குப் பதிலாக இயந்திர ஊர்தி வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் முதன்மையானவை.

பரிந்துரை சிறந்தது, பணந்தான் இல்லை. 1920ஆம் ஆண்டின் தேசிய பாதுகாப்புச் சட்டம் 2,80,000 பேரைக் கொண்ட படையை அனுமதித்தது. சில ஆண்டுகளுள் அது 1,30,000 அளவிற்குச் சுருங்கியது. புதிய ஹோவிற்சர் 1928இல் ஏற்கப்பட்டும் விரல்விட்டு எண்ணத்தக்க தொகையிலேயே செய்யப்பட்டது. கருவியைப் பெறமுடியாத நிலையிற் சிலர் முறையைப் பற்றிச் சிந்திக்கத் தலைப்பட்டனர். வறுமை சில வேளைகளிற் சிந்தனைக்குச் செவிலித்தாயாகின்றது.

அச்சிந்தனை நிகழ்ந்த இடம் ஒக்லஹோமா மாநிலத்தின் போர்ட் சில் பீரங்கிப் பள்ளி. அதுவரையில் ஒவ்வொரு பற்றறியின் தலைவனும் தானே மேடேறி நின்று, தான் காணும் இலக்கை நோக்கித் தன் நான்கு பீரங்கிகளையும் சுடுவிப்பதே வழக்கம். ஒருவன் காண்பதை மற்றொருவன் காணமுடியாது. எனவே பல பற்றறிகள் ஒரே இலக்கின்மீது ஒருசேரச் சுடுவது, முன்கூட்டியே திட்டமிட்டாலன்றி அரிதாயிருந்தது. 1929இல் அப்பள்ளியின் சுடுகலைத் துறைக்குத் தலைவராக வந்த மேஜர் கார்லோஸ் புறூவர், பிரித்தானியப் பீரங்கி அதிகாரியான பிறேசர் டைற்லர் முதலாம் உலகப்போர் பற்றி எழுதிய நூலொன்றால் தூண்டப்பெற்று, முன்னரங்கில் நிற்கும் நோக்குநரின் சொல்லைக்கொண்டே சுடும் முறையை வளர்க்க முயன்றார். அவருக்குப்பின் வந்த மேஜர் ஓர்லாண்டோ வார்ட், 1932க்கும் 1934க்கும் இடையில், கணிப்பு வேலையைப் பற்றறியிடமிருந்து எடுத்துப் பற்றாலியனின் ஒரே இடத்திற் குவித்தார். அதுவே சூட்டு நெறிப்படுத்தல் நிலையம்; எளிய தமிழிற் சொன்னாற் கணிப்பறை.

அதன் இயக்கம் இத்தகையது. முன்னே மறைந்திருக்கும் நோக்குநர் தாம் கண்டதைத் தொலைபேசியிலோ வானொலியிலோ அறிவிப்பார். பீரங்கி எங்கே நிற்கிறதென்பதை அவர் அறியவேண்டியதில்லை. குண்டு இலக்குக்கு வலமா இடமா, அப்பாலா இப்பாலா வீழ்ந்தது என்று சொன்னாற் போதும். கணிப்பறையில் உள்ளோர் அளவிடப்பட்ட ஒரே வரைபடத்தின் துணைகொண்டு அதனைக் கோணமும் தூரமுமாக மாற்றி எல்லாப் பற்றறிகளுக்கும் வழங்குவர். பீரங்கியின் அருகில் நிற்பவன் கேட்பது எண்களை மட்டுமே. கண் ஓரிடத்தில், மூளை ஓரிடத்தில், கை ஓரிடத்தில்.

இம்முறைக்குப் படையின் மேலிடத்தில் எதிர்ப்பும் இருந்தது. தன் பற்றறியின்மீது தான் செலுத்திய ஆணையை இழக்க எந்தத் தலைவன் விரும்புவான்? ஆயினும் 1941ஆம் ஆண்டளவில் அது நிலைபெற்றது. இதற்கிடையே 1939–40இல் டிவிசனின் அமைப்பும் மாறியது. மூன்று காலாட்படை றெஜிமென்றுகள். அவற்றிற்குத் துணையாக 12 பீரங்கிகள் வீதம் கொண்ட மூன்று இலகு பற்றாலியன்கள். எல்லோருக்கும் பொதுவாக 155 மில்லிமீற்றர் ஹோவிற்சர்கள் 12 கொண்ட ஒரு நடுத்தரப் பற்றாலியன். மொத்தம் 48. முன்னைய 72ஐவிடத் தொகை குறைந்தும் ஆற்றல் மிகுந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் பீரங்கிப்படை பெற்ற புகழுக்கு 105 மில்லிமீற்றர் ஹோவிற்சரும் காரணமே. எனினும் அதனிலும் பெருங்காரணம் அச்சிறு அறையும், அதற்குள் விரிந்து கிடந்த வரைபடமுமாகும்.

அதே காலத்தில் இலங்கையிலும் ஒரு பீரங்கிப்படை இருந்தது. 1888இல் தொண்டர் படையாகத் தோன்றிப் பின்னர் இலங்கைப் பாதுகாப்புப் படையின் உறுப்பாகிய அது, துறைமுகங்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்டது. அதன் பீரங்கிகள் கடலை நோக்கின, கட்டளை பிரித்தானியருடையது. 1942இல் கொக்கோஸ் தீவுக்கூட்டத்தின் ஹோஸ்பேர்க் தீவில் ஆறு அங்குலப் பீரங்கிகள் இரண்டைக் காத்துநின்ற இலங்கையர் சிலர், மே 8ஆம் நாளிரவு கிளர்ந்தெழுந்தனர். முயற்சி தோற்றது. கிறேஷியன் பெர்னாண்டோவும் தோழர் இருவரும் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். ஒழுங்கு எவ்வளவு நுட்பமானதாயினும், எவர் பொருட்டு இக்கருவி என்ற வினாவை அது மனித மனத்தினின்றும் அகற்றிவிடுவதில்லை என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

பீரங்கியின் பின்னால் நிற்போரைப் பற்றியே நூல்கள் பேசுகின்றன. அதன் முன்னால் இருப்போர்க்கும் ஓர் ஒழுங்கு உண்டு. குண்டசாலையில் வாடகை அறையொன்றில் தங்கிப் பேராதனைக்கு நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் கலைப்பீட மாணவன் ஒருவன் அதனை அறிவான். அவன் வன்னியிற் பிறந்தவன். 2009இன் முற்பகுதியில் ஆறு வயதுப் பிள்ளை. தொலைவில் ‘குத்தும்’ ஒலி கேட்டதும் அவன் தாய் எண்ணத் தொடங்குவாள். செல் வந்து விழுவதற்குள் எத்தனை எண்ணலாம் என்பது அவளுக்குத் தெரியும்; அத்தனைக்குள் மூன்று பிள்ளைகளையும் பதுங்குகுழிக்குள் இறக்கவேண்டும். மூத்தவள் முதலில், கைக்குழந்தை கடைசியில், தாயின் மார்போடு. யார் யாரைப் பிடிப்பது, யார் எங்கே குந்துவது என்பதெல்லாம் முன்னரே வகுக்கப்பட்டவை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவள் வரைபடம் கண்டதில்லை. ஆயினும் குண்டு பறக்கும் நேரத்தை அட்டவணையிட்டோர் எக்கணக்கைச் செய்தனரோ, அதே கணக்கையே அவளும் மறுமுனையிலிருந்து செய்தாள்.

எசலப் பெரஹராவின் புறப்பாட்டை அறிவிக்கும் வெடியொலி கண்டியிலிருந்து மிதந்து வரும்போது, அவ்வறையின் ஏனைய மாணவர் சாளரத்தண்டை ஓடுவர். அவனோ எண்ணத் தொடங்கிவிடுவான். மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணியபின்பே அது திருவிழா என்பது அவனுக்கு நினைவு வரும். ஒருமுறை அவனுடைய அறைத்தோழனான தும்பறைச் சிங்கள மாணவன், அவன் உதடுகள் அசைவதைக் கண்டு காரணம் கேட்டான். சொன்னபோது அத்தோழன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், தன் தமையனும் படையிலிருந்தவன் என்றும், இடி முழங்கும் இரவுகளில் அவனும் உறங்குவதில்லை என்றும் மெல்லக் கூறினான். அதன்பின் வெடியொலி கேட்கும் நாட்களில் அவ்விருவரும் ஒருங்கே தேநீர் அருந்துவது வழக்கமாயிற்று. அதுபற்றி அவர்கள் மேலும் பேசியதில்லை.

கலைப்பீடத்து மாணவனுக்குப் பீரங்கிப்படையின் அமைப்பைப் பற்றிய படிப்பு எதற்கு என்று கேட்போர் உளர். பொறியியலாளர்க்கு அதன் உலோகமும், கணிதர்க்கு அதன் வளைகோடும் போதும். மானிடவியற் கல்விக்குரியது வேறொன்று. கொடித்துவக்கைச் சுமந்தவன் தான் சுடுவது யாரையென்று கண்ணாற் கண்டான்; காணாமற் சுட அவனால் இயலாது. கணிப்பறை வந்தபின் கண்டவன் சுடுவதில்லை, சுடுபவன் காண்பதில்லை, கணிப்பவன் இரண்டும் செய்வதில்லை. ஆற்றல் பெருகியது, அதனோடு பொறுப்பு மூன்று கூறாகப் பிளந்தது. ஒவ்வொருவனும் தன் கூறினைப் பழுதின்றிச் செய்தான் என்று அறிக்கை எழுதலாம். முழுமைக்கும் விடை சொல்லவேண்டியவன் யார் என்பதை அவ்வறிக்கையிற் காணமுடியாது.

இது படைக்கு மட்டும் உரிய குறையன்று. அலுவலகமும், நீதிமன்றமும், பல்கலைக்கழகமுங்கூட இவ்வாறே கண்ணையும் மூளையையும் கையையும் பிரித்துவைத்தே இயங்குகின்றன. அப்பிரிவினையின்றிப் பெருங்காரியங்கள் நடவா என்பது உண்மையே. ஆயின் பிரிந்தவற்றை மீண்டும் ஒருவன் மனத்திற் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி எங்கேனும் நடைபெற்றாதல் வேண்டும். வரலாறும் இலக்கியமும் கற்கப்படும் மண்டபங்கள் அதற்குரியவை. வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கப்பட்ட இடத்திலே ஒரு தாய் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை அறிந்தவன், எந்த அறையில் அமர்ந்து எந்தக் கணக்கைச் செய்தாலும், அந்தப் புள்ளியை இன்னொரு முறை உற்று நோக்குவான்.