கொடுத்துவைத்தவள்

2025 ஜூன் 19, வியாழன்

நியூயார்க் மாநிலத்தின் ஃபேஷன் தொழிலாளர் சட்டம் இன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆளுநர் கேத்தி ஹோக்கல் சென்ற டிசம்பரில் கையெழுத்திட்ட சட்டம் இது. மாடல்களைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனம் நுழைவுக் கட்டணமோ வைப்புத்தொகையோ கேட்கக் கூடாது. கமிஷன் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தங்க இடம் கொடுத்தால் சந்தை வாடகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒப்பந்தம் 3 ஆண்டுக்கு மேல் நீளக் கூடாது. மாடலின் சம்மதம் இல்லாமல் அதைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் கூடாது. 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலியும் சாப்பிட அரை மணி நேரமும் தர வேண்டும். யாருக்கு என்று சொல்லாமல் இந்த விதிகளைப் படித்துக் காட்டினால், செங்கல் சூளைக்கோ நூற்பாலைக்கோ எழுதியவை என்றுதான் கேட்பவர் நினைப்பார். அழகுக்கு உதாரணமாக உலகம் காட்டும் முகங்களுக்காக எழுதியவை இவை. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் இவ்வளவு விரிவாகச் சட்டம் எழுதுவதில்லை.

நம் பேச்சில் ஒரு சொல் உண்டு: கொடுத்துவைத்தவள். போன பிறவியில் எங்கோ கொடுத்துவைத்திருக்கிறாள், இந்தப் பிறவியில் எடுத்துக்கொள்கிறாள் என்பது அதன் கணக்கு. வாழ்த்தாகச் சொன்னாலும் பெருமூச்சோடு சொன்னாலும் அதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இவளுக்குச் சேர வேண்டியது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது; இனி நாம் கொடுக்க என்ன பாக்கி? அழகையே பிழைப்பாகக் கொண்ட ஃப்ரீலான்ஸ் மாடல்களின் நிலையை யோசிக்க யோசிக்க, அந்தத் தொழிலின் கூலிக் கணக்கை நடத்துவது இந்தத் தீர்ப்புதான் என்று எனக்குப் படுகிறது. அழகி என்ற பெயரையே கூலியின் ஒரு பங்காக எண்ணிக் கழித்துவிடுகிறார்கள். அந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டிராத நியூயார்க்கிலும் கணக்கு இதேதான்.

ஜூன் 20, வெள்ளி

ஃப்ரீலான்ஸ் மாடல் என்றதும் எந்த ஏஜென்சியிலும் சேராமல் தானே வாய்ப்புத் தேடிக்கொள்பவள் என்று தோன்றும். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் பெரிய ஏஜென்சியில் கையெழுத்துப் போட்ட மாடலும் பெரும்பாலும் யாருக்கும் ஊழியர் கிடையாது, தனி ஒப்பந்ததாரர்தான். மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தோடு விடுப்பு என்ற பேச்சே இல்லை. ஏஜென்சியோ வேலை வாங்கித் தரும் நிறுவனம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் உரிமம் எடுத்திருக்க வேண்டும், கமிஷன் உச்சவரம்புக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். மேலாண்மை நிறுவனம் என்று பெயர் வைத்துக்கொண்டு, வேலை பிடித்துத் தருவது எங்களுக்குத் துணை வேலை மட்டுமே என்று நியூயார்க் சட்டத்தின் ஒரு விலக்குக்குள் பல காலம் ஒதுங்கி நின்றார்கள். மாடலிடம் 20 சதவீதம், அவளை அமர்த்தும் வாடிக்கையாளரிடம் இன்னொரு 20 சதவீதம் என்று இரு பக்கமும் கமிஷன் வாங்குவது வழக்கமாயிற்று. வேறு ஊரிலிருந்து வரும் பெண்ணுக்கு விமானச் செலவு, போர்ட்ஃபோலியோவுக்கு எடுத்த படங்கள், நான்கைந்து பேர் சேர்ந்து தங்கும் அறை வாடகை எல்லாம் முன்பணமாக அவள் பெயரில் ஏறும். முதல் வேலை வருவதற்குள் கடன் கணக்கு தொடங்கியிருக்கும். கொடுத்துவைத்தவள் என்று ஊர் பேசும் நேரத்தில் அவள் கொடுக்க வேண்டியவளாக நிற்கிறாள்.

கூலி எப்படி நிர்ணயமாகிறது என்பதற்கு ஆஷ்லி மியர்ஸின் ஆய்வைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மாடலாக வேலை செய்து சமூகவியலாளரானவர் அவர். நியூயார்க்கையும் லண்டனையும் ஆராய்ந்து 2011இல் நூலாக வெளியிட்டார். தொழிலுக்குள் இரண்டு சந்தைகள் இருப்பதை அவர் காட்டினார். ஒன்று பெயர்பெற்ற ஃபேஷன் இதழ்கள், பெரிய வடிவமைப்பாளர்களின் ரேம்ப். மற்றொன்று பல்பொருள் அங்காடிகளின் கேட்டலாக், பற்பசை, சோப்பு விளம்பரம். முதல் சந்தையில் இடம் கிடைப்பதுதான் தொழிலின் உச்ச மரியாதை. ஆனால் அங்கே ஒரு நாள் முழுக்கப் படமெடுத்தாலும் நூறு, நூற்றைம்பது டாலர்தான் கிடைக்கும். பல சமயம் அதுவும் கிடையாது. ரேம்ப் நடைக்குப் பணத்துக்குப் பதிலாகத் துணி தருவதும் உண்டு. யாரும் பெயர் கேட்காத கேட்டலாக் மாடலுக்கோ ஒரே நாளில் ஆயிரக்கணக்கான டாலர். அழகுக்குத்தான் பணம் கொட்டுகிறது என்பது உண்மையானால், உச்ச அழகு என்று தொழிலே முத்திரை குத்திய இடத்தில்தான் கூலியும் உச்சத்தில் இருக்க வேண்டும். தலைகீழாக இருக்கிறது. புகழ்ச்சி தடிக்கத் தடிக்கக் காசோலை மெலிகிறது. புகழ்ச்சியையும் ஒரு நாணயமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டுமா?

அது முதலீடு என்பார்கள். இன்று ஓர் இதழுக்கு இலவசமாக நின்றால் நாளை ஒரு வாசனைத் திரவிய நிறுவனத்தின் ஒப்பந்தம் வரும், வாழ்நாளுக்குப் போதும். சிலருக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் முதலீடு என்றால் நட்டத்தை யார் தாங்குகிறார் என்று பார்க்க வேண்டும். ஏஜென்சியிடம் நூற்றுக்கணக்கான முகங்கள் இருக்கின்றன. ஒன்று ஜெயித்தாலும் மற்றவற்றின் செலவு ஈடாகிவிடும். இதழுக்கு நட்டமே இல்லை. பதினாறு, பதினேழு வயதில் பள்ளியை விட்டுவிட்டு வந்த பெண்ணிடம் இருப்பது ஒரே ஒரு சீட்டு. அவள் போட்டிருக்கும் முதலோ திரும்பி வராத நாலைந்து வருடங்கள்.

ஜூன் 22, ஞாயிறு

என் வாதத்துக்கு வரும் மிகக் கனமான மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. அழகானவர்களுக்கு உலகம் எங்கும் சலுகை காட்டுகிறது. அவர்களுக்காக ஏன் இரங்க வேண்டும் என்பது அது. சலுகை இருப்பது உண்மை. பொருளியலாளர்கள் டேனியல் ஹாமர்மெஷும் ஜெஃப் பிடிலும் 1994இல் அளந்து காட்டினார்கள். அமெரிக்க, கனடியக் கணக்கெடுப்புகளில் நேர்காணல் செய்தவர்கள் ஒவ்வொருவரின் தோற்றத்துக்கும் ஐந்து படிகளில் மதிப்பெண் போட்டிருந்தார்கள்; அதை வருமானத்தோடு ஒப்பிட்டபோது, தோற்றம் குறைவு என்று மதிப்பிடப்பட்டவர்கள் சராசரி ஆட்களைவிட 5 முதல் 10 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தது தெரிந்தது. அழகானவர்களுக்குக் கிடைத்த கூடுதல் அதைவிடச் சற்றுக் குறைவு. அழகில்லாதவர் என்று மதிப்பிடப்பட்டவருக்கு இழைக்கப்படும் அநீதி பெரியது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த எண்களை மாடலிங்குக்குள் கொண்டுவந்து வைத்தால் அவை பேசுவதை நிறுத்திவிடுகின்றன. வங்கியிலோ வழக்கறிஞர் அலுவலகத்திலோ அழகு ஒரு கூடுதல் தகுதி. மாடல்களைத் தேர்ந்தெடுக்கும் காஸ்டிங் அறையிலோ வரிசையில் நிற்கும் எல்லோரும் அழகானவர்கள். எல்லோரிடமும் இருப்பதற்கு எந்தச் சந்தையிலும் விலை இல்லை. அங்கே அழகு வாசலைத் தாண்ட உதவும் அனுமதிச் சீட்டு. உள்ளே போனபின் அதைக் காட்டிக் கூலி கேட்க முடியாது.

அந்த ஆய்வில் அழகைத் தீர்மானித்தது மதிப்பெண் போட்டவரின் பேனா என்பதையும் மறக்கக் கூடாது. தமிழ் இதை வெகு நுட்பமாகப் பிடித்து வைத்திருக்கிறது. குழந்தைக்குப் பூவைத்துப் பொட்டிட்டு ‘அழகு பார்த்தாள்’ என்கிறோம். அழகு பார்ப்பவரின் செயலாகிவிடுகிறது. குழந்தை அதற்கு இடம் மட்டுமே. அழகி என்று கருதப்படுவதும் அப்படித்தான். கருதுகிறவர் ஒருவர் இருக்கிறார், அவர் நாளைக்கு வேறு மாதிரிக் கருதலாம். இடுப்பளவு ஓர் அங்குலம் கூடியதும், இருபத்தைந்து வயது தாண்டியதும், இந்தப் பருவத்துக்கு வேறு வகை முகம் வேண்டும் என்று யாரோ முடிவு செய்ததும் அந்தக் கருத்து மாறும். ஊழியராக இருப்பவரை நிறுத்தினால் அதையாவது அவரிடம் சொல்ல வேண்டும். ஃப்ரீலான்ஸ் மாடலுக்கு அழைப்பு வராமல் போகும், அவ்வளவுதான். பிறர் கையிலிருக்கும் ஒரு கருத்தை அவளுடைய சொத்து என்று சொல்லி, அதன் பெயரால் அவள் கூலியைக் குறைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

அப்படியானால் அவள் எதற்குக் கூலி கேட்கிறாள்? செய்யும் வேலைக்கு. குளிர்காலத்தில் கோடை உடையிலும் கோடையில் கம்பளியிலும் மணிக்கணக்காக நிற்பது. விளக்கு எங்கே இருக்கிறது என்று முகத்தாலேயே உணர்ந்து தாடையை ஒரு நூல் அளவு திருப்புவது. ஒரே நடையை இருபதாவது தடவையும் முதல் தடவைபோல் நடப்பது. அறிமுகமில்லாதவர்கள் உடம்பைத் தொட்டுத் திருத்தும்போது முகம் சுளிக்காமல் இருப்பது. இவை கற்றுக்கொண்ட திறமைகள். இவற்றுக்கு வெளியே, படப்பிடிப்பு இல்லாத நாட்களிலும் உடம்பைக் குறிப்பிட்ட அளவில் வைத்திருக்கும் உழைப்பு இருக்கிறது. அதற்கு ஒரு காசும் இல்லை. 2006 ஆகஸ்டில் உருகுவேயின் லூயிசெல் ராமோஸ் மொண்டேவீடியோவில் ரேம்ப்பிலிருந்து இறங்கிய சற்று நேரத்தில் இதயம் நின்று இறந்தார், வயது 22. அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலின் ஆனா கரோலினா ரெஸ்டன் பசியை ஒறுக்கும் நோயால் இறந்தார், வயது 21. இடையே செப்டம்பரில் மாட்ரிட் ஃபேஷன் வாரம், உடல் நிறைக் குறியீடு 18க்குக் கீழ் உள்ளவர்களை மேடையேற்றுவதில்லை என்று முடிவு செய்தது. உடம்பு ஒரு வேலைக்கருவியாக இவ்வளவு தேய்க்கப்படும் இடத்தில் அதைப் பிறவிப் பரிசு என்று பேசிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூன் 25, புதன்

இன்னொரு மறுப்பு: ஃப்ரீலான்ஸ் என்பதே சுதந்திரம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறதே. ஆனால் தொழிலில் ‘ஆப்ஷன்’ என்று ஒரு நடைமுறை உண்டு. அடுத்த வாரம் செவ்வாயும் புதனும் இந்த மாடல் வேண்டியிருக்கலாம் என்று வாடிக்கையாளர் நாளைப் பிடித்து வைப்பார். அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடைசி நேரத்தில் விட்டுவிடலாம். பிடித்து வைத்த நாட்களில் அவள் ஊருக்குப் போக முடியாது, வேறு வேலைக்கும் துணிந்து வாக்குக் கொடுக்க முடியாது. மறுக்கும் சுதந்திரம் ஒரு பக்கத்தில்தான் உண்மையாக இருக்கிறது. ஏஜென்சி இல்லாமல் தனியாக இயங்குபவளுக்குக் கமிஷன் மிச்சம். ஆனால் கூப்பிடுகிறவர் நம்பத்தக்கவரா, படம் எங்கெல்லாம் பயன்படும், பணம் எப்போது வரும் என்று எல்லாவற்றையும் அவளே விசாரிக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2017இலும் மாநிலம் 2024 ஆகஸ்டிலும் ஃப்ரீலான்ஸ் வேலைக்கென்றே கொண்டுவந்த சட்டம், 800 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலைக்கு எழுத்து ஒப்பந்தத்தையும், அதில் சொன்ன தேதிக்குள், தேதி சொல்லாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள், பணத்தையும் கட்டாயமாக்கியது. எனக்கு அது பெரிய ஆறுதலாகத் தெரிகிறது, தேதி போட்ட காகிதம் ஒன்றாவது கையில் இருக்கும்.

சட்டம் நெருக்கினால் தொழிலே ஓடிப்போய்விடும் என்பவர்களுக்குப் பாரிஸ்தான் பதில். பிரான்ஸின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, கூலிக்கு மாடலாக நிற்கும் யாருடைய ஒப்பந்தத்தையும் வேலை ஒப்பந்தம் என்றே முன்கூட்டி எடுத்துக்கொள்கிறது. இரு தரப்பும் அதற்கு என்ன பெயர் வைத்தாலும், பணத்தை எந்த முறையில் கொடுத்தாலும் அது மாறாது. வேலை செய்யும்போது மாடலுக்கு முழுச் சுதந்திரம் இருந்தது என்று நிரூபித்தாலும்கூட மாறாது. 2017இலிருந்து மருத்துவச் சான்று இல்லாமல் அங்கே மாடலை அமர்த்த முடியாது. உடல் வடிவத்தை மெலிதாக்கியோ பருமனாக்கியோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். இத்தனைக்கும் பிறகும் பாரிஸ் ஃபேஷனின் தலைநகராகத்தான் இருக்கிறது.

ஜூன் 28, சனி

இவ்வாண்டு மார்ச்சில் எச் அண்ட் எம் ஆடை நிறுவனம் 30 மாடல்களின் கணினி நகல்களை உருவாக்கப்போவதாக அறிவித்தது. நகலின் உரிமை அந்தந்த மாடலுக்கே என்றும் சொன்னது. புதிய நியூயார்க் சட்டத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் நகல் பற்றிய பிரிவுதான். மாடலின் நகலை உருவாக்கவோ பயன்படுத்தவோ எழுத்தில் தனிச் சம்மதம் வேண்டும். எதற்காக, எவ்வளவு காலம், எந்த அளவுக்கு, என்ன கூலிக்கு என்று அதில் இருக்க வேண்டும். முகத்தையும் வேலையையும் இதுவரை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே உடம்போடு ஷூட்டுக்கு வந்தன. நகலுக்கு முகம் உண்டு, வேலை நாள் கிடையாது. அது களைக்காது, பசிக்காது, எட்டு மணி நேரத்தைத் தாண்டாது. நாளைக் கணக்கிட்டுக் கூலி வாங்கியவளுக்கு இனி எதைக் கணக்கிட்டுக் கொடுப்பது? அழகுதான் எல்லாம் என்று இத்தனை காலம் சொன்னவர்கள், அழகு மட்டும் தனியாகக் கையில் கிடைத்ததும் அதற்கும் விலையில்லை என்று சொல்லக்கூடும். பிரிவை எழுதியவர்கள் அந்த ஆபத்தை முன்னதாகவே பார்த்திருக்கிறார்கள்.

ஆனாலும் சட்டம் மாடலை ஊழியராக்கிவிடவில்லை. காஸ்டிங்குக்காக நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய், உயரமான செருப்பைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, முப்பது நொடி நடந்து காட்ட இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பதற்கு அதில் கூலி சொல்லப்படவில்லை. செப்டம்பரில் நியூயார்க் ஃபேஷன் வாரம். அதற்கு முந்தைய நாட்களில் அந்த வரிசைகள் மறுபடியும் நிற்கும், அந்த மணி நேரங்கள் முன்போலவே அவள் செலவில்.