தற்காலிகம்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் கல்யாணப் பந்தியில்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது. பாயசம் வரும் நேரத்தில் பக்கத்து இலைக்காரர் காதருகே குனிந்து, ‘சார், நெட்ல பார்த்ததையெல்லாம் சுத்தமா அழிக்கணும். என்ன பண்றது?’ என்பார். ஏன் என்று நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. அந்த நாட்களில் என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் எல்லோரும் நடுத்தர வயது ஆண்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஊருக்கெல்லாம் சொன்ன வைத்தியத்தை 2006-ல் என் வீட்டிலேயே செய்ய வேண்டி வந்தது.

அப்போது எங்களிடம் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு பழைய மெஷின். 20 ஜிபி டிஸ்க். அதில் சி டிரைவுக்கு ஒதுக்கியது ஆறே ஜிபி. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்து வந்தால் திரை தயாராக இருக்கும். வலது மூலையில், டிஸ்கில் இடம் இல்லை என்று ஒரு மஞ்சள் பலூன் அடிக்கடி முளைத்தது. எட்டாவது படித்துக்கொண்டிருந்த பையன் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். ‘தாத்தாதாம்ப்பா. நாள் பூரா நெட்லயே இருக்காரு. அதான் ஃபுல் ஆயிடுச்சு.’

அப்பா நன்னிலத்திலிருந்து வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 2004-ல் அம்மா போன பிறகு, ‘ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன்’ என்று ஒரு ட்ரங்க் பெட்டியுடன் வந்தவர். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஃபைல் என்றால் சிவப்பு நாடா கட்டியது என்று மட்டும் அறிந்த மனிதர். மஸ்கட்டில் இருக்கும் என் தங்கைக்குக் கடிதம் எழுதுவதற்காக மௌஸ் பிடிக்கப் பழகி, ஆறு மாதத்தில் நியூஸ் பேப்பரையும் அதிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

பையன் சொன்னதில் பாதி உண்மை. இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது அதன் படங்களையும் எழுத்துக்களையும் ப்ரௌஸர் ஒரு பிரதி எடுத்து டிஸ்கில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதே பக்கத்துக்குப் போனால் மறுபடி எல்லாவற்றையும் டெலிபோன் ஒயர் வழியாக இழுத்து வர வேண்டாமே என்பதற்காக. ஒவ்வொரு தாளிப்புக்கும் மளிகைக் கடைக்கு ஓடாமல் அஞ்சறைப் பெட்டியில் கொஞ்சம் கடுகு வைத்துக்கொள்கிற மாதிரி. மோடம் கீச்சிட்டு இணைப்பு வாங்கிய காலத்தில் இது பெரிய உபகாரம். அந்த அஞ்சறைப் பெட்டிக்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வைத்த பெயர் ‘டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்’. பெயர்தான் டெம்பரரி. லேசில் போகாது.

முதல் வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்தது. டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், டெலிட் ஃபைல்ஸ். பட்டனை அழுத்தினேன். மணல்கடிகாரம் வெகுநேரம் நின்றது. கொஞ்சம் இடம் கிடைத்தது. பலூன் மறுநாளே திரும்பி வந்தது.

அதற்குக் காரணம் உண்டு. அந்த ஃபோல்டருக்குள் ‘கன்டென்ட் ஐஇ5’ என்று இன்னொரு ஃபோல்டர் ஒளிந்திருக்கும். சாதாரணமாகக் கண்ணில் படாது. முகவரியை முழுசாக டைப் செய்துதான் உள்ளே போக வேண்டும். அதற்குள் அர்த்தமில்லாத எட்டெழுத்துப் பெயர்களில் அறை அறையாக ஃபோல்டர்கள். எந்த அறையில் எது இருக்கிறது என்ற கணக்கெல்லாம் ‘இண்டெக்ஸ் டாட்’ என்கிற ஒரே ஃபைலில். பட்டனை அழுத்தினால் கணக்கில் உள்ளவை அழியும். நடுவில் கரண்ட் போய் மெஷின் படுத்ததில் கணக்குக் குழம்பி, பதிவில் விட்டுப்போனவை அநாதையாக அங்கேயே கிடக்கும். கணக்குப் புத்தகத்தையே கிழித்துப் போடலாம் என்றால், ‘இந்த ஃபைல் உபயோகத்தில் இருக்கிறது, அழிக்க முடியாது’ என்று விண்டோஸ் கையை விரிக்கும். நாம் லாகின் செய்த நிமிஷத்திலிருந்து அதை அது திறந்து பிடித்துக்கொண்டிருப்பதால், ப்ரௌஸரை மூடினாலும் விடாது.

இதற்கு ஒரு வழி, வேறு ஆளாகப் போவது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் புதிதாக ஒரு யூஸரை உண்டாக்கி, மெஷினை ரீஸ்டார்ட் செய்து, அந்தப் பெயரில் நுழைந்தால் பழைய யூஸரின் ஃபைல்களை யாரும் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஃபோல்டரோடு தூக்கி எறியலாம். அடுத்த முறை பழைய பெயரில் நுழையும்போது விண்டோஸ் காலியாகப் புதிதொன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படித்தான் நுழைந்தேன். நேராக அழித்திருக்கலாம். புத்தி போகவில்லை. இண்டெக்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். கோழி கிறுக்கல் போன்ற குறிகளுக்கு நடுவில் போய்வந்த இடங்களின் முகவரிகள் மட்டும் தெளிவாகப் படிக்க முடிந்தன. பையனின் கிரிக்கெட், என் பாங்க், மனைவியின் சமையல் குறிப்பு, அப்பாவின் நியூஸ் பேப்பர்.

நடுநடுவே முதியோர் இல்லங்கள்.

ஒன்று இரண்டு இல்லை. எட்டெழுத்து அறைகளைத் திறந்தேன். இரும்புக் கட்டில் போட்ட ஓர் அறையின் படம். துளசி மாடத்துடன் ஒரு முற்றம். வரிசையாக எவர்சில்வர் தட்டு வைத்த சாப்பாட்டு ஹால். ஒரு பக்கத்தில் டெபாசிட் எவ்வளவு, மாதம் எவ்வளவு, தனி அறைக்கு எவ்வளவு என்று கட்டணப் பட்டியல். தேதியையும் நேரத்தையும் பார்த்தேன். எல்லாம் வார நாட்கள். காலை பதினொன்று, மத்தியானம் மூன்று. நாங்கள் ஆபீஸிலும் பையன் ஸ்கூலிலும் இருக்கிற நேரம்.

அந்தப் படங்களின் முதல் தேதிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரெண்டு பெட்ரூம் வீடு. பையன் தாத்தாவுடன் ஒரே அறையில் இருந்தான். ‘பத்தாவது வர்றதுக்குள்ள அவனுக்குத் தனி ரூம் வேணும். அப்பாவை எங்கதான் வைக்கிறது?’ என்று ராத்திரி சமையலறையில் ஒரு குரல் சொன்னது. மனைவி மேல் பழி போட்டால் கதைக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் சொன்னது நான்தான். வைக்கிறது என்றேன், ஏதோ பீரோவைச் சொல்கிற மாதிரி.

சாயங்காலம் அப்பா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கொடியின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டேன்.

‘ஏம்ப்பா, ஹோம் பத்தியெல்லாம் நெட்ல பார்த்தீங்களா?’

‘சிநேகிதர் ஒருத்தர் விசாரிச்சார். பார்த்துச் சொன்னேன்.’

‘எந்த சிநேகிதர்?’

அவர் ஒரு வேட்டியை நாலாக மடித்து முடித்தார். ‘பார்த்ததையெல்லாம் அது எழுதி வச்சுக்குமா தம்பி?’

‘வச்சுக்கும்.’

‘அப்ப அழிச்சுடு. மருமகப் பொண்ணு பார்த்தா சங்கடப்படும்.’

வேறெதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுக் கட்டிக்கொள்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை. கீழே வந்து ஃபோல்டரோடு அழித்தேன். விண்டோஸ் வழக்கம்போல், நிச்சயமாகத்தானா என்று கேட்டது. அடுத்த வாரம் ஒரு தச்சரைக் கூப்பிட்டு ஹாலில் ப்ளைவுட் தடுப்புப் போட்டேன். பையன் அந்தப் பக்கம் போனான். அப்பாவின் கட்டில் ஜன்னலோரம் அதே அறையில் இருந்தது. 2013 வரை இருந்தது. ட்ரங்க் பெட்டியிலிருந்து வேட்டிகளை எடுத்து அலமாரியில் அடுக்கியது எப்போது என்று நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பார்த்தால் பெட்டி பரண் மேல் இருந்தது.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு தலைமுழுகிவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் 2022 ஜூனில் மூட்டை கட்டியது. இப்போது பந்தியில் யாரும் காதருகே குனிவதில்லை. ஃபோனில் ஹிஸ்டரியை அழிக்க நாலு தொடல் போதும். தடம் வைக்காமல் பார்க்க என்றே தனி ஜன்னல் இருக்கிறது. அழிக்கிற பட்டனை அமுக்குகிற புண்ணியவான்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய டிஸ்கில் ஒரு ஃபைலை அழித்தால் அதன் பெயர்தான் முதலில் போகும். மேலே வேறொன்று எழுதப்படும்வரை விஷயம் அடியில் அப்படியே கிடக்கும். சமையலறையில் சொன்ன வார்த்தையும் இந்த ஜாதிதான். அதன் மேல் வேறு ஏதாவது எழுத எனக்கு ஏழு வருஷம் கிடைத்தது.

எனக்கு இப்போது 62. பையனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. நாங்கள் அவனோடுதான் இருக்கிறோம். போன மாதம் மத்தியானத் தூக்கம் வராமல், சும்மா, கோயமுத்தூர் பக்கம் இந்த மாதிரி இடங்களில் என்ன வாங்குகிறார்கள் என்று ஃபோனில் தேடிப் பார்த்தேன். சிநேகிதர் யாரும் விசாரிக்கவில்லை. வீட்டில் யாருக்கும் தெரிய வழியில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பேத்திக்கு யானைப் பாட்டு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பாட்டுக்கு நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. வெள்ளைத் தலை தம்பதி, பச்சைப் புல்வெளி, மாதக் கட்டணம். பையன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

‘என்னப்பா இது?’ என்றான்.