துருவும் நானும் ஒரு அம்பாசடர் பிளாக்கும்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து பல்லுகூட விளக்காமல் ஷெட்டுக்குப் போய் தார்ப்பாயைத் தூக்கினேன். முந்தின நாள் சாயங்காலம் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்த எஞ்சின் பிளாக், செங்கல் பொடி தூவின மாதிரி ஆரஞ்சு நிறத்தில் உட்கார்ந்திருந்தது. நாலு சிலிண்டருக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். நாலிலும் அதே நிறம். வயிற்றுக்குள் என்னமோ பண்ணியது.

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறவன் பண்ணின காரியம் இது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம் :-)

முன்கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு அம்பாசடர் தாத்தா 1988ல் வாங்கியது. மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. இந்த எஞ்சின் உண்மையில் இங்கிலாந்துச் சரக்கு. பிஎம்சி கம்பெனியின் பி சீரிஸ் எஞ்சின். 1955ல் வந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசிதான். நம்ம ஊர் கல்யாண வண்டிக்கும் அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒரே இதயம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அம்பாசடர் உற்பத்தி 2014ல் நின்றுபோனது. எங்கள் வண்டி அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே ஷெட்டில் நின்றுவிட்டது. தாத்தா போன பிறகு அதை விற்கவும் மனசில்லை, ஓட்டவும் வழியில்லை.

போன வருஷம் அப்பாதான் ஆரம்பித்தார். "நீ படிக்கறது இதைத்தானே, இறக்கிப் பார்த்துடலாமா?" என்றார். இறக்கினோம். சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன. இந்த பிளாக்கில் தனியாக லைனர் கிடையாது. வார்ப்பிரும்பிலேயே துளை போட்டு, அதற்குள்தான் பிஸ்டன் ஓடுகிறது. தேய்ந்தால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடவேண்டும். அதைத்தான் 20 சைஸ், 40 சைஸ், 60 சைஸ் என்பார்கள். 20 என்றால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு. தாத்தா காலத்திலேயே இரண்டு தடவை ரீபோர் ஆகி 40ல் நின்றது. கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிற மேஸ்திரி அளந்து பார்த்துவிட்டு, "இது கடைசி சைஸுங்க. 60 போட்டாச்சுன்னா இதுக்கு மேல இந்த பிளாக்குல சதை இல்லீங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சரி என்றார். ஒரிஜினல் துளை 73.025 மில்லிமீட்டர். 60 சைஸில் 74.549. அவ்வளவுதான் அந்த பிளாக்கின் மிச்ச ஆயுசு.

அந்தக் கடைசி சைஸில்தான் நான் துருவை வரவழைத்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை பிளாக் வீட்டுக்கு வந்தது. அப்பா ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். ஹோனிங் செய்த பிளாக்கை சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும் என்று படித்திருந்தேன். அது சரியான விஷயம்தான். ஹோனிங் கல்லிலிருந்து உதிர்கிற பொடி, சிலிண்டர் சுவரில் இருக்கும் மெல்லிய கீறல்களுக்குள் ஒளிந்துகொள்ளும். மண்ணெண்ணெய் ஊற்றினால் மேலாக இருப்பதுதான் போகும். சுடுதண்ணீரும் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால்தான் முழுசாக வெளியே வரும். நன்றாகத் தேய்த்தேன். துண்டால் துடைத்தேன். எண்ணெய் தடவவேண்டும் என்பதும் தெரியும். ஆனால் எண்ணெய் வாங்கிவைக்கவில்லை. கடைக்குக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டேன்.

அந்தத் தார்ப்பாய்தான் பெரிய முட்டாள்தனம். உள்ளே இருந்த ஈரத்தை வெளியே போகவிடாமல் பொத்திவைத்தது நானேதான்.

ஸ்கூலில் எல்லாரும் ஒரு சோதனை செய்திருப்போம். மூன்று சோதனைக் குழாய், மூன்றிலும் ஆணி. ஒன்றில் தண்ணீரும் காற்றும், ஒன்றில் கொதிக்கவைத்த தண்ணீரின் மேல் எண்ணெய், ஒன்றில் ஈரமே இல்லாத காற்று. முதல் குழாயில் இருக்கிற ஆணி மட்டும் துருப்பிடிக்கும். தண்ணீர், ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்தால்தான் துரு. மெல்லிய ஈரப் படலம் இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் ஆக்சிஜன் அதைச் சுலபமாகத் தாண்டிப் போய் இரும்பைத் தொட்டுவிடும். காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருவின் வேகம் கூடும். ஐப்பசி மழையில் தார்ப்பாய்க்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். போதாததுக்கு அது புதுசாகச் சீவின வார்ப்பிரும்பு. மேலே எந்தப் பாதுகாப்புத் தோலும் இல்லை. உள்ளே இருக்கிற கிராஃபைட் துணுக்குகள் வேறு, குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து பக்கத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். மூன்று மார்க் கேள்வியாக எழுதியிருக்கிறேன். மூன்று மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன். பிளாக்கின் மேல் முகப்பில், இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில், நாலு விரல் அச்சு. ரேகைகூடத் தெரிகிறது. வேர்வை உப்பு பட்ட இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். கழுவின பிறகு எங்கே கை வைத்துத் தூக்கினேன் என்று பிளாக்கே சாட்சி சொன்னது.

முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். அப்பா வருவது சாயங்காலம். கையில் 120 நம்பர் உப்புத்தாள் இருந்தது. அரை மணி நேரம் தேய்த்து, எண்ணெய் பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. உப்புத்தாளை மடித்துக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் என்னவோ பயம் வந்து மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"உப்புத்தாளைக் கீழ வை கண்ணு" என்பதுதான் அவர் முதல் வார்த்தை. நான் கையில் வைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. எல்லாப் பையன்களும் அதைத்தான் செய்வார்கள் போல.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஹோனிங் போட்ட சுவரில் குறுக்கும் நெடுக்குமாக வலை மாதிரி கீறல்கள் இருக்கும். எண்ணெயைப் பிடித்துவைப்பதும், புது ரிங் சுவரோடு படிந்து உட்கார உதவுவதும் அந்தக் கீறல்கள்தான். உப்புத்தாளை மேலும் கீழும் இழுத்தால் அந்த வலை அழியும், துளையின் வட்டமும் கெடும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இருக்கிற இடைவெளியே ஆயிரத்தில் சில பங்குதான். அதில் கையால் விளையாட இடமில்லை. உதிர்கிற மண் எண்ணெய் வழிக்குள் போய் பேரிங்கைத் தின்றுவிடும் என்பது அடுத்த ஆபத்து.

சரி, அப்படியே விட்டுவிட்டு அசெம்பிள் பண்ணினால் என்ன? ஓடுகிற ஓட்டத்தில் துரு தானாகப் போய்விடாதா? இந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. நகைக்கடைகளில் தங்கத்தை மெருகேற்றும் ரூஜ் என்ற சிவப்புப் பொடி இருக்கிறதே, அது வேறொன்றும் இல்லை, இரும்பு ஆக்சைடு. அதாவது துருவின் சொந்தக்காரன். தங்கத்தைத் தேய்க்கிற பொடி ரிங்கையும் பேரிங்கையும் சும்மா விடுமா?

சாயங்காலம் அப்பா வந்தார். ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கடைசி சைஸுடா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று இரவே மேஸ்திரி சொன்னபடி டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து, துணியில் நனைத்து, நாலு சிலிண்டருக்குள்ளும் சுற்றி ஒட்டிவைத்தோம். காலையில் துணியை எடுத்துத் துடைத்தபோது பாதிக்கு மேல் துரு துணியோடு வந்துவிட்டது. மிச்சம் இருந்தது மங்கலான கறை. நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். நகம் எங்காவது தட்டினால் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று சிலிண்டரில் ஒன்றும் தட்டவில்லை. நாலாவதில், தார்ப்பாய் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த பக்கம், எனக்குத் தட்டுகிற மாதிரியும் இருந்தது, தட்டாத மாதிரியும் இருந்தது. பத்து தடவை இழுத்துப் பார்த்தேன். பயத்தில் நகத்துக்கு உணர்ச்சியே போய்விட்டது.

பிளாக்கை மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோனோம். மேஸ்திரி மெல்லிய கல்லைப் போட்டு, மண்ணெண்ணெய் விட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சில இழுப்பு மட்டும் ஹோன் செய்தார். அப்புறம் டயல் கேஜை உள்ளே விட்டு, மேலே நடுவில் கீழே என்று அளந்தார். அந்த அஞ்சு நிமிஷம் அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். "அளவுக்குள்ளதான் இருக்குது. பொழச்சுக்கிச்சு" என்றார் மேஸ்திரி. ஒரு நாள் இரவு என்பதால் தப்பித்தது, ஒரு வாரம் விட்டிருந்தால் நாலாவதுக்கு ஸ்லீவ் அடிக்கவேண்டி வந்திருக்கும் என்றும் சொன்னார்.

மற்ற இடங்களுக்கு மற்ற வைத்தியம். ஹெட் உட்காரும் மேல் முகப்பை எண்ணெய்க்கல் வைத்து, சமமாக, அழுத்தாமல் தேய்த்தோம். கிராங்க் உட்காரும் இடங்களில் கல்லே கூடாது, எண்ணெயும் துணியும் மட்டும். எண்ணெய் வழிகளின் பிளக்கைக் கழற்றி நீளப் பிரஷ் விட்டுக் காற்று அடித்தோம். வெளிப்பக்கம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி பூசிக் காயவிட்டு, சூடு தாங்கும் பெயின்ட் அடித்தோம். அந்த அமிலம் இரும்போடு சேர்ந்து பாஸ்பேட் படலமாக மாறும். டெல்லி இரும்புத் தூண் 1600 வருஷமாக நிற்பதற்கும் இதே மாதிரி ஒரு பாஸ்பேட் படலம்தான் காரணம் என்று ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர்.பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். ஆனால் சிலிண்டருக்குள் அமிலம், வினிகர் எதுவும் வேண்டாம். அது துருவோடு நல்ல இரும்பையும் தின்னும். கழுவின அடுத்த நிமிஷமே மறுபடி துருப்பிடிக்கும்.

கடைசியில் மறுபடியும் அதே சோப்புத் தண்ணீர்க் குளியல். இந்தத் தடவை நான் கழுவக் கழுவ, அப்பா பக்கத்திலேயே எண்ணெய் கேனோடு நின்றார். காற்று அடித்து ஈரம் போன உடனே எண்ணெய். பழைய வெள்ளை பனியன் துணியால் துடைத்துத் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் வராத வரைக்கும் விடவில்லை. ஏழு பனியன் போனது.

தை மாதம் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. மேல் முகப்பில் இருந்த என் விரல் அச்சு மட்டும் முழுசாகப் போகவில்லை, லேசான நிழலாக ஹெட் கேஸ்கெட்டுக்கு அடியில் இருக்கிறது. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "அதனால ஒண்ணும் ஆகாது, கெடக்கட்டும்" என்றார்.

நம்ம செட்டில் ப்ராஜெக்ட்டுக்கு எஞ்சின் பிரிக்கப்போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. முதலில் எண்ணெய் கேனைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். அப்புறம் தண்ணீர்க் குழாயைத் திறங்கள்.